எதிர்ப்பு ஏதும் எழவில்லை

கூட்டக் குறிப்பு எழுதுவது எப்படி என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று செயலகத்திலிருந்து கேட்டிருந்தீர்கள். எழுத வராமல் இல்லை. முப்பத்தோரு வருடம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். ஆனால் ஒரு பக்கத்தில் அடங்குகிற சங்கதியெல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதே விஷயத்தை ஆங்கிலத்தில் ஒரு தடவை எழுதிவிட்டேன், நாலே வார்த்தையில், பிழையில்லாமல். வினையே அதனால்தான் வந்தது. உங்களில் தமிழ் தெரிந்த நாலைந்து பேர் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என்மேல் இரக்கப்பட்டு எதையும் பூசி மெழுக வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முதலிலிருந்து வந்தால்தான் எனக்குச் சொல்ல வரும். நம்முடையது பல நாடுகள் சேர்ந்து நடத்தும் வளர்ச்சி வங்கி. சாலை, குடிநீர், மின்சாரம் என்று அந்தந்த நாட்டுக்குக் கடன் கொடுக்கிறோம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆளுநர். ராஜ்பவனில் இருக்கும் ஆளுநர் அல்ல. பெரும்பாலும் அந்த நாட்டின் நிதி அமைச்சர். வருடத்துக்கு ஒரு முறை ஆளுநர்கள் எல்லாரும் ஏதாவது ஓர் ஊரில் கூடுவார்கள். அங்கே ஓட்டெடுப்பு என்பது அபூர்வம். தலைவர் தீர்மானத்தை வாசிப்பார், யாருக்காவது எதிர்ப்பு உண்டா என்று கேட்பார், மூன்று எண்ணும் நேரம் காத்திருப்பார், சுத்தியலைத் தட்டுவார். அவ்வளவுதான். பேசாமல் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இந்த முறையை நான் வெகுகாலம் மெச்சிக்கொண்டிருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டாத நாடுகளை ஒரே அறையில் உட்கார வைத்துச் சத்தமில்லாமல் காரியத்தை முடிக்க வேறு வழி எனக்குத் தெரியாது.

அந்த வருடக் கூட்டம் கோயம்புத்தூரில். அதற்கு நான்தான் காரணம் என்று சொன்னால் பெருமை, இல்லை என்றால் பொய். நான் வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகள், நிலபுலன் உள்ள குடும்பம். தலைநகரங்களையும் கடற்கரை ஓட்டல்களையும் பார்த்து அலுத்த மனிதர்களை எங்கள் ஊருக்குக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று இரண்டு வருடம் பாடாய்ப் பட்டேன். மூன்று நாட்டு அமைச்சர்களின் விமானத்தைச் சூலூர் விமானப்படைத் தளத்தில் இறக்க அனுமதி வாங்கியது நான். கோட்டைமேட்டு பாய் ஒருவரின் பிரியாணியை விருந்துப் பட்டியலில் சேர்க்க வைத்ததும் நான். அவிநாசி ரோடு முழுக்க எங்கள் வங்கியின் கொடி பறந்ததைப் பார்த்தபோது, பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதுபோல் எனக்குக் கண் கலங்கியது. சிரிக்காதீர்கள். அந்தக் கலங்கிய கண்ணோடுதான் எல்லாவற்றையும் செய்தேன்.

வரவேற்கும் நாட்டின் சார்பில் கூட்ட ஏற்பாட்டைக் கவனித்த அதிகாரி ஈரோட்டுக்காரர். டெல்லியில் பெரிய பதவியில் இருந்தார். சபையில் என்னை மேடம் என்பார், தனியே அக்கா என்பார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்திருந்தால் நான் உஷாராக இருந்திருப்பேன்.

“அக்கா, நம்ம ஊட்டுக் கண்ணாலமாட்ட நெனச்சுக்குங்க. வந்தவங்க ஒரு சொல்லு கொறையாச் சொல்லிப்போட்டுப் போயிரப்படாதுங்க” என்று முதல் நாளே சொன்னார். நானும் ஆமாம் என்றேன். எனக்கும் அதே கல்யாண வீட்டு நினைப்புத்தான்.

தீர்மானங்களில் ஒன்று ஒரு சாலையைப் பற்றியது. வெள்ளகோவிலுக்குத் தெற்கே, தாராபுரத்தைப் பார்த்துப் போகும் ஒரு சாலையை அகலமாக்க வங்கி கடன் கொடுத்திருந்தது. அதற்காகச் சாலையோரப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்களை எடுக்க வேண்டும். ஒரு காலத்தில் தோட்டக் கூலிகளாக இருந்தவர்களின் பிள்ளைகள். இப்போது விசைத்தறிக்கும் தேங்காய் உலர்த்தும் களத்துக்கும் நூல் மில்லுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். மாற்று இடத்தில் கான்கிரீட் வீடு, தெருவிளக்கு, குழாய் எல்லாம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த இடம் ஓடைக்கரை.

வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற ஓடை அது. வரைபடத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது. சித்திரை வெயிலில் வந்து பார்த்த நம் வல்லுநர்கள் வறண்ட நிலம் என்று எழுதினார்கள். வறண்ட நிலம்தான். எங்கள் பக்கம் மழையே பெய்யாது. எப்போதாவது பேய்மழை பெய்தால் மேலே இருக்கிற குளத்துத் தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகத்தான் இறங்கும். அங்கே பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

எடுக்கப்படும் குடும்பங்கள் மாற்று இடத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்கலாம் என்பது நம் வங்கியின் விதி. இந்தக் குடும்பங்கள் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வந்தார்கள். டீ குடித்தார்கள். வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். கையெழுத்து மட்டும் போடவில்லை. ஒரு மனு கொடுத்திருந்தார்கள். அதிலும் ‘தாங்கள் பார்த்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. இப்படியே ஒரு வருடம் இழுத்தது. கடைசியில், இந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் விதியைத் தளர்த்திக் கொடுங்கள் என்று தீர்மானம் வந்தது. விதியைத் தளர்த்தும் அதிகாரம் ஆளுநர்களுக்குத்தான் உண்டு. ஒரே ஓர் ஆளுநர் எதிர்த்தாலும் தீர்மானம் திரும்பிப் போய்விடும். வேறு இடம் பார்த்தாக வேண்டும்.

அப்படி ஓர் ஆளுநர் இருந்தார். கடலுக்கு நடுவே இருக்கிற சின்ன நாடு ஒன்றின் நிதி அமைச்சர், ஐம்பது வயதுப் பெண்மணி. அவர் நாட்டில் ஒரு கிராமத்தையே புயல் அலை கொண்டுபோயிருந்தது. அதனால் தண்ணீர், கரை என்ற சொற்கள் வரும் காகிதங்களை அவர் அடிக்குறிப்பு வரைக்கும் படிப்பார். கூட்டத்தின் முதல் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“இந்த மக்களில் ஒருவரையாவது நான் நேரில் பார்க்க வேண்டும். அந்த இடம் வேண்டாம் என்று அவர்கள் என்னிடம் சொன்னால் நாளைக்கு நான் கை தூக்குகிறேன். சொல்லவில்லை என்றால், விருந்து வைத்திருக்கும் ஒரு நாட்டை அதன் வீட்டிலேயே வைத்து அவமானப்படுத்த எனக்கு உரிமை கிடையாது” என்றார்.

நியாயமான பேச்சு. பெரிய நாட்டை எதிர்த்து ஒரு சின்ன நாடு கை தூக்கினால் அடுத்த ஐந்து வருடம் அதற்கு என்னென்ன நேரும் என்பதை நீங்கள் போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள். அவர் அதற்குத் துணிந்திருந்தார். கேட்டது ஒரே ஒரு சொல்தான்.

அன்று பிற்பகலே ஏற்பாடு செய்தேன். அந்தக் குடும்பங்களுக்காகப் பேசுகிறவர் மாரப்பன். விசைத்தறி ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரும் அவர் மனைவி பூவாத்தாளும் வந்தார்கள். கார் அனுப்பியிருந்தேன். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள்.

“காருல வந்தா ஊருல வேற மாதிரி பேசுவாங்க மேடமுங்க. அவங்களுக்கு வித்துப்போட்டான்னு சொல்லுவாங்க” என்றார் மாரப்பன். அவ்வளவு பொறுப்பான மனிதர்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அமைச்சர், மாரப்பன், பூவாத்தாள், மொழிபெயர்க்க நான். வரவேற்கும் நாட்டின் பிரதிநிதியும் உடன் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஈரோட்டுக்காரரும் இருந்தார். உள்ளே போகும்முன் அவர் என்னை ஒரு பக்கமாக அழைத்தார்.

“அக்கா, நீங்க பாத்து ஒரு வார்த்த சொன்னாத்தானுங்க அந்தம்மா கையத் தூக்கும். நம்ம பந்தியில நாமளே மண்ணள்ளிப் போடறதுங்களா? அந்த எடத்த அப்பறமாப் பாத்து மேடு பண்ணிக் குடுத்துப்போடலாமுங்க. நானாச்சு.”

நானாச்சு என்றார். நானும் அதை நம்ப விரும்பினேன். விரும்பினேன் என்றுதான் சொல்கிறேன், நம்பினேன் என்று சொல்லவில்லை.

அமைச்சர் எழுந்து நின்று கை குவித்தார். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மாரப்பன் பதறிப்போய்ப் பதிலுக்குக் கும்பிட்டார். உட்காரச் சொல்லி மூன்று தடவை கேட்ட பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பூவாத்தாள் உட்காரவே இல்லை, அவர் பின்னால் நின்றார். மாரப்பன் பேசிய முதல் பேச்சு, “அம்மா சாப்பிட்டாங்களாங்க? நம்மூருச் சோறு ஒத்துக்குச்சாங்களா?” அதை நான் மொழிபெயர்த்தபோது அமைச்சர் சிரித்துவிட்டார். ஒத்துக்கொண்டது, கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டுவிட்டேன் என்றார். மாரப்பன் முகம் மலர்ந்தது. ஒரு நிமிடம் எல்லாரும் நல்லபடியாக இருந்தோம்.

பிறகு அமைச்சர் கேட்டார். “உங்களுக்குக் கொடுத்திருக்கும் அந்தப் புதிய இடத்தை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?”

நான் அதைத் தமிழில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன், ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

மாரப்பன் பேசவில்லை. முன்னால் இருந்த டீக் கோப்பையை ஒரு விரற்கடை தள்ளிவைத்தார். அதிகாரியைப் பார்த்தார். அமைச்சரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களில் ஒப்புக்கொண்டவன் பேசாமல் இருக்கவே மாட்டான். “செரிங்க, ஆகட்டுங்க, செஞ்சுபோடலாமுங்க” என்று நாலு தடவை சொல்லுவான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்ணின் தகப்பன் வாயைத் திறக்காமல் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தால் கூட வந்திருக்கும் தரகருக்குப் புரிந்துவிடும், இந்தச் சம்பந்தம் ஆகாது என்று. வந்தவர்களின் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வது, சாப்பிட உட்கார்ந்தவர் முன்னாலிருந்து இலையை இழுப்பது மாதிரி. அதைச் செய்யமாட்டார்கள். வந்தவர்களைத் தனியே கூட்டிக்கொண்டுபோய்ப் பக்குவமாகச் சொல்ல வேண்டியது தரகரின் வேலை. அதற்குத்தான் தரகர் இருக்கிறார்.

இதை மரியாதை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். மாரப்பனிடம் இருந்தது மரியாதை மட்டும் இல்லை. தோட்டத்துக்காரர்கள் முன்னால் வேண்டாம் என்று சொன்னதற்காக அவருடைய அப்பனும் பாட்டனும் என்ன பாடுபட்டார்கள் என்பது தோட்டத்துக்காரர் மகளான எனக்குத் தெரியாதா? தெரியும். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பூவாத்தாள் ஓரடி முன்னால் வந்தார். “ஏனுங்க அம்மணி, நாஞ் சொல்றனுங்க...” என்று என்னைப் பார்த்துத் தொடங்கினார்.

மாரப்பன் திரும்பாமலே, “இந்தா, சித்த சும்மாரு புள்ள. வந்தவங்க முன்னால” என்றார்.

பூவாத்தாள் நிறுத்திக்கொண்டார். ஈரோட்டுக்காரர் வெகு அன்பாக, “டீ ஆறிப்போகுதுங்க, சாப்பிடுங்க” என்றார்.

“அந்தப் பெண் என்ன சொன்னார்?” என்று அமைச்சர் கேட்டார்.

“ஒன்றுமில்லை, கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்” என்றேன்.

“அவர்? அவர் என்ன சொல்கிறார்?”

“அவர் ஒன்றும் சொல்லவில்லை.”

“அப்படியென்றால்?”

“சொன்னதைத்தான் நான் மொழிபெயர்க்க முடியும், அமைச்சர் அவர்களே. சொல்லாததை மொழிபெயர்ப்பது என் வேலை இல்லை.”

இது உங்கள் கையேட்டில் ஏழாவது பக்கத்தில் இருக்கும் விதி. நல்ல விதி. அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். ஆனால் ஒரு நல்ல விதிக்குப் பின்னால் ஓர் ஆள் முழுதாக ஒளிந்துகொள்ள முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன், அதுவும் நானே ஒளிந்துகொண்டு. இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். எந்த விதியைச் சொல்லும்போது உங்களுக்கு நிம்மதியாக இருக்கிறதோ, அந்த இடத்தில் ஒரு தடவை நின்று யோசியுங்கள். சரியான காரியத்தைச் செய்யும்போது அவ்வளவு நிம்மதி வராது.

அமைச்சர் இருவருக்கும் நன்றி சொன்னார். பூவாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். அவர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் என் அறைக்குப் போய்ச் சந்திப்பின் குறிப்பை எழுதினேன். யார் யார் வந்தார்கள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, என்ன கேட்கப்பட்டது. கடைசி வரி, எதிர்ப்பு ஏதும் எழவில்லை. ஆங்கிலத்தில் நாலு வார்த்தை. அதில் ஒன்றைக்கூட யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை ஆளுநர் சபை கூடுவதற்கு முன்னால் நடைபாதையில் அமைச்சர் என்னை நிறுத்தினார். கையில் என் குறிப்பு இருந்தது.

“எனக்கு ஏதோ உறுத்துகிறது. நேற்று அந்தப் பெண் உங்களைப் பார்த்துத்தானே பேச வந்தார், கணவனைப் பார்த்து இல்லையே? நீங்கள் இந்த ஊர்க்காரர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

கடவுள் ஒரு தடவைதான் கதவைத் தட்டுவார் என்பார்கள். எனக்கு இரண்டாவது தடவையும் தட்டினார். மொழிபெயர்ப்பாளராக அல்ல, ஊர்க்காரியாக என் வாயால் சொல்லும்படி அமைச்சர் கேட்கிறார். ‘அவர்கள் வேண்டாம் என்று சொன்னார்கள், அமைச்சர் அவர்களே, எங்கள் ஊரில் அதை இப்படித்தான் சொல்வார்கள்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நடைபாதையின் அந்தக் கோடியில் ஈரோட்டுக்காரர் யாருக்கோ பூச்செண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். கதவு வழியாக உள்ளே தெரிந்தது: எத்தனையோ நாட்டுக் கொடிகள், அத்தனையும் என் ஊரில். இதைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் காரணம் அவ்வளவு சின்னதுதான். யாரும் என்னை மிரட்டவில்லை. எனக்கு எதுவும் தருவதாகவும் சொல்லவில்லை.

“குறிப்பில் இருப்பதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை” என்றேன்.

சபையில் தீர்மானம் வந்தது. தலைவர் வாசித்தார். எதிர்ப்பு உண்டா என்று கேட்டார். நான் தலைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அமைச்சரின் வலது கை மேசைமேல் இருந்தது. அவர் தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து காகிதத்தைப் பார்த்தேன். சுத்தியல் சத்தம் கேட்டது.

“ஜெயிச்சுப்போட்டமுங்க அக்கா” என்று ஈரோட்டுக்காரர் மதியம் வந்து சொன்னார். பிரியாணியை எல்லா நாட்டுக்காரர்களும் புகழ்ந்தார்கள். நானும் நன்றாகச் சாப்பிட்டேன். அதையும் எழுதத்தானே வேண்டும்.

அந்தக் குடும்பங்கள் ஓடைக்கரைக்குப் போயின. மேடு பண்ணித் தருவதாகச் சொன்ன அதிகாரிக்கு ஆறே மாதத்தில் வேறு துறைக்கு மாற்றல் வந்தது. அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். நானாச்சு என்று அவர் சொன்னதை நான் குறிப்பில் எழுதவில்லையே.

இரண்டாவது வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. விடியும் முன்னால், பால் வண்டி வருகிற நேரத்தில் மேல்குளத்தின் கரை உடைந்தது. நாலு பேர் போனார்கள். அதில் ஒருவர் பூவாத்தாள். தண்ணீர் வரும் சத்தம் கேட்டு வெளியே வந்தவர், தெருக்கோடி வரைக்கும் கதவு கதவாகத் தட்டி எழுப்பிக்கொண்டே போயிருக்கிறார். எழுந்தவர்கள் பிழைத்தார்கள். செய்தியை நான் அலுவலகத்தில், வெளிநாட்டில், கணினித் திரையில் படித்தேன். பெயர்ப் பட்டியலில் அவர் மூன்றாவது.

வங்கி ஓர் உள்விசாரணை நடத்தியது. விதிப்படி எல்லாம் நடந்ததா என்று கேட்டார்கள். நடந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்களை ஆளுநர் நேரில் சந்தித்திருக்கிறார், கேட்டிருக்கிறார், குறிப்பு இருக்கிறது, கடைசி வரி தெளிவாக இருக்கிறது. அந்த நாலு வார்த்தை வங்கியைக் காப்பாற்றியது. ஆவணங்களைச் செம்மையாகப் பராமரித்ததற்கு எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதே வாரத்தில் தீவு நாட்டு அமைச்சரிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அதில் ஒரே கேள்வி. ‘அன்றைக்கு அந்த மனிதர் ஏன் பேசவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?’ இன்றுவரை நான் பதில் போடவில்லை.

துக்கம் கேட்கப் பதினாறு நாளுக்குள் போயிருக்க வேண்டும். நான் போனது ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகு.

மாரப்பன் இப்போது வெள்ளகோவிலில் ஒரு தேங்காய்க் களத்தில் காவலுக்கு இருக்கிறார். களத்தின் மூலையில் ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறை. மத்தியான வெயிலில் நான் போய் நின்றதும் அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே ஓடிப்போய் இருந்த ஒரே நாற்காலியை எடுத்துவந்து துடைத்துப் போட்டார்.

“வாங்க மேடமுங்க, உக்காருங்க. இந்த வெயில்ல வந்துட்டீங்களே. தண்ணி குடிங்க.”

“முன்னாலயே வந்திருக்கோணுமுங்க. வரலீங்க” என்றேன்.

“அதனால என்னங்க. நீங்க வந்ததே பெருசுங்க.”

அவர் தரையில் உட்கார்ந்தார். பூவாத்தாளைப் பற்றிக் கேட்டேன், சொன்னார். அழாமல் சொன்னார். பிறகு, எத்தனையோ வருடமாகக் கேட்க வேண்டும் என்றிருந்ததைக் கேட்டேன். “அன்னைக்கு அந்தம்மா கேட்டப்போ ஏனுங்க ஒண்ணுமே சொல்லல?”

கேள்வி அவருக்கு விளங்காததுபோல் என்னைப் பார்த்தார்.

“கடல் தாண்டி வந்தவங்க, அவங்க மொகத்துக்கு நேரா எப்படிங்க வேண்டாம்னு சொல்றது? அதுவும் ஆபீசரு பக்கத்துல இருக்கையில. அதுக்குத்தான் நீங்க இருந்தீங்களே. நம்மூருப் பொண்ணு, தெரியாமயா இருக்கும், நாங்க போன பொறகு தனியாக் கூப்புட்டுப் பக்குவமாச் சொல்லிப்போடுவீங்கன்னு தைரியமா வந்தனுங்க. பூவா வர்ற வழியெல்லாம் பொலம்புனா, நம்ம வாயால ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டமேன்னு. அதுக்குத்தான் அவங்க இருக்காங்களே, நீ ஏம் புள்ள அடிச்சுக்கறேன்னு பஸ்ஸுலயே வஞ்சுபோட்டேன்.”

பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதுபோல், “நீங்க சொல்லியிருப்பீங்க. அவங்களும் பெரிய எடத்து ஆளுங்க, கேக்கலையாட்டிருக்குது. உங்க மேல என்னங்க தப்பு?” என்றார்.

அத்தனை வருடமும் அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். நான் எடுத்துச் சொல்லியும் வெளிநாட்டுக்காரி கேட்கவில்லை என்று. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். அவரும் நிம்மதியாக இருந்திருப்பார். அதையும் ஒரு நிமிடம் யோசித்தேன், மறைக்கவில்லை.

“நான் சொல்லலீங்க” என்றேன். “அந்தம்மா ரெண்டு தடவ கேட்டாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லிப்போட்டேன். நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவங்க கையத் தூக்கியிருப்பாங்க.”

மாரப்பன் எழுந்தார். மெதுவாகத்தான் எழுந்தார், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். குரல் உயரவில்லை.

“எந்திரிங்க மேடமுங்க” என்றார். “போயிருங்க. இனி எங்கிட்ட வராதீங்க.”

நான் எழுந்ததும் அவர் நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.